பாண்டம் என்றொரு சேவல்

இப்பகுதியில் மாதந்தோறும் ஏதேனும் ஒரு சொல்லை எடுத்து, அதன் வேரையும் பொருளையும் பார்ப்பது நம் வழக்கம். இம்மாதச் சொல்லை நான் தேடிப் போகவில்லை. அதுவே பங்கு இல்லத்தின் படியேறி வந்தது.

ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் பதினைந்து வயது மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன் நிறுத்தினார். “சாமி, இவன் நாலு நாளாய்ச் சோறு தொடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கிறதில்லை. உச்சி வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். கேட்டால் ஏதோ பாண்டத்தில் சேரவேண்டுமாம். சோற்றுப் பாண்டத்தைத்தான் இவன் எட்டிக்கூடப் பார்க்கிறதில்லையே! என்னவென்று நீங்களே கேளுங்கள்” என்றார்.

பையனைப் பார்த்தேன். நெடுநெடுவென வளர்ந்து வரும் பிள்ளை. கன்னம் ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. “அது மண்பாண்டம் இல்லை சாமி. பாண்டம் வெயிட். குத்துச்சண்டையில் ஓர் எடைப் பிரிவு” என்றான். பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. பத்து நாளில் போட்டி. 54 கிலோவுக்குள் இருந்தால்தான் அப்பிரிவில் இடம். இவனோ 56-ஐத் தாண்டி நிற்கிறான். தண்ணீர் குடித்தால் என்ன என்று கேட்டேன். “அதுவும் எடைதானே சாமி” என்றான்.

குருமடத்தில் எங்களுக்குக் கால்பந்து உண்டு, கைப்பந்து உண்டு, குத்துச்சண்டை கிடையாது. எனவே உடனே பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முதலில் ஒரு குவளைத் தண்ணீரை என் கண்முன்னே குடிக்கச் செய்தேன். மதியம் வயிறாரச் சோறுண்டு, புதன்கிழமை மாலை வரும்படி சொல்லி அனுப்பினேன். இடைப்பட்ட நாட்களில் படித்தறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

பாண்டம் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில் உள்ள பழைய துறைமுகம் அது. இன்று பாண்டென் என வழங்குகிறது. மிளகு வாணிகத்தால் செழித்த ஊர். 1596-இல் டச்சுக்காரரின் கப்பல்கள் அங்கே வந்தன. சில ஆண்டுகளில் ஆங்கிலேயக் கம்பெனியாரும் வந்து பண்டகசாலை அமைத்தனர். நமக்கும் அவ்வூருக்கும் மறந்துபோன உறவு ஒன்று உண்டு. 1640-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபோது, அங்கிருந்த கம்பெனி அலுவலர் பாண்டத்திலிருந்த தலைமைக்கு உட்பட்டே இருந்தனர். கடல் கடந்த ஒரு மிளகுத் துறைமுகம் சென்னைக்கு மேலிடமாக இருந்தது என்றால் இன்று யார் நம்புவார்? 1682-இல் டச்சுக்காரர் கை ஓங்கியதும் ஆங்கிலேயர் அங்கிருந்து வெளியேறினர். ஊரின் புகழ் மங்கிற்று. பெயர் மட்டும் ஒரு கோழியின்மேல் ஏறி உலகைச் சுற்றத் தொடங்கியது.

அத்துறையில் மாலுமிகள் கண்டு வாங்கிய கோழிகள் மிகச் சிறியவை. சாதாரணக் கோழியின் எடையில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். அவை அவ்வூருக்கே உரியவை என எண்ணி அவர்கள் ஊர்ப் பெயரையே இட்டனர். (வான்கோழிக்குத் துருக்கியின் பெயரை இட்டவர்களும் ஆங்கிலேயர்தாம், அதுவோ அமெரிக்கப் பறவை.) பாண்டம் சேவல் அளவில் சிறிது, மிடுக்கில் பெரிது. தன்னைவிடப் பெரிய சேவல் எதிரே வந்தாலும் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஆங்கிலத்தில், உருவில் குறுகி நெஞ்சில் நிமிர்ந்த மனிதனையும் பாண்டம் என்று அழைக்கலாயினர்.

இச்சொல்லுக்கு இன்னொரு பயனும் இருந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல், 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைந்தவர்களைப் பிரித்தானியப் படை சேர்க்க மறுத்தது. உயரம் போதாதென்று பல இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவர், அங்கிருந்த எவரோடும் சண்டையிட்டுக் காட்டத் தயார் என்று சீறியதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியிருப்பினும், அவ்வாண்டின் இறுதியில் பர்க்கன்ஹெட் நகரில் குள்ளமான ஆண்களுக்கென்றே தனிப் படைப்பிரிவுகள் அமைந்தன. அவற்றுக்கும் பாண்டம் என்றே பெயர். வீடு திரும்பாத அச்சிறு உருவினர் பலர்.

இனி குத்துச்சண்டைக்கு வருவோம். பழங்காலத்தில் இதில் எடை என்ற பேச்சே இல்லை. வெறுங்கையால் மோதுவர், விழுந்தவன் தோற்றவன். பெரிய உடம்புக்காரன் வெல்வதும், சிறிய உடம்புக்காரன் நொறுங்குவதும் இயல்பு எனக் கொள்ளப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எடைக்கேற்பப் பிரிக்கும் வழக்கம் மெல்ல வேரூன்றியது. பெயர்களோ வேடிக்கையானவை: ஈ, பாண்டம் சேவல், இறகு என்று கீழிருந்து மேலே போகின்றன. இறகு என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். குதிரை சுமக்க வேண்டிய மிகக் குறைந்த பாரத்தை அவர்கள் இறகு என்றனர். பாண்டம் பிரிவின் எல்லை தொடக்கத்தில் 105 பவுண்டு அளவில் இருந்து, ஏறி ஏறிக் கடைசியில் 118 பவுண்டில் நின்றது. நம் கணக்கில் ஐம்பத்து மூன்றரைக் கிலோ. 1909-இல் இலண்டனில் இருந்த தேசிய விளையாட்டுக் கழகம் எட்டுப் பிரிவுகளை வரையறுத்தபோது, ஈ எனும் பிரிவு 112 பவுண்டில் புதிதாகத் தோன்றியது. அதுவரை எவ்வளவு மெலிந்தவனாயினும் பாண்டம்தான்.

இந்தக் கோட்டினால் விளைந்த நன்மை பெரிது. ஒரு மனிதரைச் சொல்கிறேன். ஜார்ஜ் டிக்சன் என்பவர் 1870-இல் கனடா நாட்டின் ஹாலிஃபாக்ஸ் நகரை ஒட்டிய ஆஃப்ரிக்வில் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பில் பிறந்தவர். உயரம் ஐந்தடி மூன்றங்குலத்தைச் சற்றே தாண்டும். 1890-இல் இலண்டனில் நங்க் வாலஸ் என்ற ஆங்கிலேயரை வென்று பாண்டம் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றார். எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மனிதர் இவரே என்று வரலாற்றில் குறிப்பர். அதே காலத்தில் பெரும் எடைப் பிரிவின் வீரரான ஜான் சல்லிவன், கறுப்பினத்தவரோடு மோதவே மாட்டேன் என்று வெளிப்படையாக மறுத்து வந்தார். அப்பிரிவின் பட்டம் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின வீரருக்குக் கிட்டியது 1908 டிசம்பரில். டிக்சன் அதே ஆண்டு ஜனவரியில் வறுமையில் இறந்துவிட்டார். பெரியவர்களின் வாயிற்கதவு திறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே சிறியவர்களின் புழைக்கடைக் கதவு திறந்திருந்தது.

இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் லயனல் ரோஸ். விக்டோரியா மாநிலத்தில் பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். மரங்களுக்கிடையே வேலிக்கம்பியைக் கட்டி அதையே மேடையாக்கி, கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பழகினார். 1967 மே மாதத்தில்தான் அந்நாட்டு மக்கள், பழங்குடியினரையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று வாக்களித்தனர். அதற்கு ஒன்பது மாதங்கள் கழித்து, 1968 பிப்ரவரியில், பத்தொன்பது வயது ரோஸ் டோக்கியோ சென்று ஜப்பானின் ஃபைட்டிங் ஹராடாவைப் பதினைந்து சுற்றுகளில் வென்று பாண்டம் பிரிவின் உலக வீரரானார். திரும்பி வந்தபோது மெல்போர்ன் நகர வீதிகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். தலைக்கணக்கில் சேராதவர் என்று நேற்றுவரை ஒதுக்கப்பட்ட இனத்தின் பிள்ளை! பல ஆண்டுகளுக்குப் பின், 1996-இல், தீக்காயமுற்றுக் கிடந்த ஆறு வயதுப் பழங்குடிச் சிறுவன் ஒருவனுக்குத் தம் பட்டக் கச்சையையே கொடுத்துவிட்டார். குத்துச்சண்டை மீது எனக்கு முழு உடன்பாடு இல்லை. மனிதத் தலையில் குத்துவதைப் புள்ளியாக எண்ணும் விளையாட்டை எப்படி முழுமனத்தோடு போற்றுவது? ஆயினும் அச்செயலைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்தேன்.

நம் நாட்டிலும் இச்சொல் ஒரு நாள் எல்லார் வாயிலும் இருந்தது. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் தங்கம் வென்றது 54 கிலோ பாண்டம் பிரிவில்தான். அநாதை விடுதியில் வளர்ந்த பிள்ளை அவர். அந்த வெற்றியைக் கண்டுதான் மேரி கோம் கையுறை அணிந்தார் என்பதை நம் வாசகர் பலர் அறிவர். டிங்கோ சிங் 2021-இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 42.

சொல் ஒன்றாயினும் அளவு எங்கும் ஒன்றல்ல. தொழில்முறைக் குத்துச்சண்டையில் பாண்டம் 118 பவுண்டு. கையாலும் காலாலும் பிடியாலும் மோதும் கலப்புச் சண்டைப் போட்டிகளிலோ பாண்டம் 135 பவுண்டு; குத்துச்சண்டையில் அந்த எடைக்குப் பெயர் வேறு. பாண்டத்துக்கும் இறகுக்கும் நடுவே 122 பவுண்டில் ஒரு பிரிவு உண்டு. அதைச் சில அமைப்புகள் பெரும் பாண்டம் என்கின்றன. சில அமைப்புகள் இளைய இறகு என்கின்றன. எடை ஒன்றே. கீழிருந்து பார்ப்பவன் வளர்ந்த சேவல் என்கிறான்; மேலிருந்து பார்ப்பவன் வளராத இறகு என்கிறான். பிரிவுகள் பெருகப் பெருகப் பட்டங்கள் பெருகும். பட்டங்கள் பெருகினால் நுழைவுச்சீட்டு விற்கும். இதில் வியாபாரமும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாண்டம் பிரிவின் நான்கு பட்டங்களையும் ஒருசேர வென்றவர் ஜப்பானின் நவோயா இனோவே, ஆண்டு 2022. வென்றவுடன் அவர் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பட்டங்களை விட்டுவிட்டு அடுத்த பிரிவுக்கு ஏறினார். மறு ஆண்டே அங்கும் நான்கையும் வென்றார்.

இங்கேதான் நம் பையனின் காரியம் வருகிறது. சிறியவன் தன் உடம்போடு, தனக்கு ஒப்பானவனோடு மோதட்டும் என்பதற்காகக் கிழித்த கோடு இது. நாளடைவில், பெரியவன் தன்னைக் காய்ச்சிச் சுருக்கிக்கொண்டு நுழையும் சந்தாக அது ஆகிவிட்டது. முன்பெல்லாம் சண்டை நாளன்று காலையிலேயே எடை பார்ப்பார்கள். 1980-களில் தொழில்முறைப் போட்டிகளில் அதை முந்தின நாளுக்கு மாற்றினர். வாடிய உடல் தேற ஒரு நாள் கிடைக்கட்டும் என்பது நல்லெண்ணம்தான். விளைவு என்ன? தேற நேரம் இருக்கிறதே என்று இன்னும் அதிகமாக வாட்டத் தொடங்கினர். வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை, வியர்வை உடை, உப்பில்லா உணவு, கடைசி நாளில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. தராசு மேல் நிற்கும் அந்த ஒரு நொடி மட்டும் அவர் பாண்டம். மறுநாள் மேடை ஏறும்போது நீரும் சோறும் உண்டு பல கிலோ ஏறியிருப்பார். பெயர் ஒன்று, ஆள் வேறு.

இவ்வாறு குறைவது கொழுப்பன்று, நீர். நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு சுருங்கும், இதயம் அதிக வேகமாய் இறைக்க வேண்டும், வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் ஆற்றல் குன்றும், சிறுநீரகம் தவிக்கும். அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கல்லூரி மற்போர் வீரர் மூவர் அடுத்தடுத்து இறந்தனர். மூவரும் எடை குறைப்பதற்காக வெப்ப அறையில் வியர்வை உடையணிந்து பயிற்சி செய்தவர்கள். அதன் பின்னரே அங்குக் கல்லூரிப் போட்டிகளில் நீராவி அறையும் அவ்வுடையும் தடை செய்யப்பட்டன. எடை பார்ப்பதும் போட்டி நேரத்துக்கு அருகே கொண்டுவரப்பட்டது. 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பாண்டம் வீரர் கேரி ரஸ்ஸல், எடை பார்ப்பதற்கு முந்தின இரவு தம் அறையில் மயங்கி விழுந்தார். இருபது வயது. ஒரு குத்துகூட விடாமல் ஊர் திரும்பினார்.

பாரீஸ் நகரில் 2024 ஆகஸ்டு மாதம் நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வினேஷ் போகாட் வழக்கமாக மோதியது 53 கிலோவில். அங்கே இடம் கிடைக்காமல் 50-க்கு இறங்கினார். ஒரே நாளில் மூவரை வென்றார். முதலாமவர் வெளிநாட்டாரிடம் அதுவரை தோற்றறியாத ஜப்பானின் யூய் சுசாகி. மறுநாள் காலை தராசு 100 கிராம் கூடுதல் என்றது. ஒரு கொய்யாப்பழத்தின் எடை. இறுதிப் போட்டி போயிற்று, வெள்ளியும் போயிற்று. விளையாட்டு நடுவர் மன்றமும் முறையீட்டைத் தள்ளிவிட்டது. நாடே அந்த நூறு கிராமைப் பேசியது. ஓரிரவுக்குள் உடம்பிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட மற்றக் கிலோக்களைப் பற்றிப் பேசியவர் குறைவு.

புதன்கிழமை மாலை பையன் வந்தான். உதடு சற்றுத் தேறியிருந்தது. இவற்றை அவனுக்குச் சொன்னேன். மயக்கமும் மரணமும் அவனை அதிகம் அசைக்கவில்லை. பதினைந்து வயதில் யாருக்குத்தான் அசைக்கும்? “54-இல் இருப்பவர்கள் குள்ளமாக இருப்பார்கள் சாமி. எனக்குக் கை நீளம். எட்டி அடிக்கலாம். 57-க்குப் போனால் நான் அடி வாங்குவேன்” என்றான். ஒளிக்காமல் சொன்னானே என்று மகிழ்ந்தேன். “உண்மையாகவே 53 கிலோ உள்ள பையன் ஒருவன் அங்கே இருப்பான் அல்லவா? நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, இது எனக்கென்று வைத்த இடம் என்று நம்பி வருவான். அவன் எதிரே நீ போய் நிற்கப் போகிறாயா?” என்றேன். பையன் பேசவில்லை. அதை அவன் எண்ணிப் பார்த்திருக்கவில்லை என்று தோன்றியது.

பிறகு எடர் ஜோஃப்ரேயின் கதையைச் சொன்னேன். பிரேசில் நாட்டுக்காரர், மரக்கறி மட்டும் உண்பவர். பாண்டம் பிரிவில் இவரைப் போல் ஒருவர் இல்லை என்று வல்லுநர் பலர் எழுதியுள்ளனர். 1960-இல் பட்டம் பெற்றார். ஆண்டுகள் போகப் போக 118 பவுண்டுக்குள் உடம்பை அடக்குவது பெரும்பாடாயிற்று. 1965-லும் 1966-லும் அதே ஹராடாவிடம் தோற்றார். அவர் வாழ்நாளில் கண்ட தோல்வி அவ்விரண்டுதான். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், 1969-இல் திரும்பி வந்தார். இம்முறை பாண்டத்தில் அல்ல, அடுத்த பிரிவான இறகில். அங்கே ஒருமுறைகூடத் தோற்கவில்லை. 1973-இல், தம் 37-ஆம் வயதில், அப்பிரிவிலும் உலகப் பட்டம் பெற்றார்.

“57-க்குப் பெயர் இறகுதானே சாமி?” என்று கேட்டான் பையன். ஆம் என்றேன். அவனுடைய பயிற்சியாளரையும் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு பெயரை மாற்றி எழுதிக்கொண்டார். பிள்ளைகளை இப்படி உலர்த்தச் சொல்லிக்கொடுப்பவர் எங்கிருந்தாலும், பெற்றோர் நேரே சென்று கேட்க வேண்டும்; கேட்கத் தயங்கினால் பங்குத்தந்தையை அழைத்துச் செல்லலாம், நாங்கள் வருவோம்.

போட்டியில் முதல் சுற்றில் வென்றான்; இரண்டாவதில் தோற்றான். மறு ஞாயிறு பூசைக்கு மூக்கு வீங்கி வந்திருந்தான். பூசை முடிந்து தாய் என்னிடம் வந்தார். மகன் இப்போது மூன்று வேளையும் உண்கிறான், அரிசிப் பானை சீக்கிரம் காலியாகிறது என்றார். இந்தக் குத்துச்சண்டையை எப்போது விடுவான் என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.